ரோடு போடாதீங்க, ப்ளீஸ்!

'எங்க ஊருக்கு ரோடு போட்டுக் குடு' என்று பஸ்ஸை மறிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எலெக்ஷன் வந்தால் வேட்பாளர் கொடுக்கிற முதல் வாக்குறுதி அதுதான். ஜெயித்ததும் அவர் மறக்கிற முதல் வாக்குறுதியும் அதுதான். 'ஐயா சாமி, எங்க ரோட்டுல மட்டும் தார் ஊத்திடாதீங்க' என்று கெஞ்சிய ஆசாமி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

ஒருவர் இருக்கிறார். பெயர் ஜியான்கார்லோ ப்ரோச்சி. ஊர், இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் கியான்டி மலைகளுக்கு நடுவே இருக்கும் கயோலே. சுற்றிலும் திராட்சைத் தோட்டம். தோட்டத்தைச் சுற்றிலும் காடு. இரண்டையும் ஊடுருவி வளைந்து வளைந்து போகும் வெள்ளை வெளேர் சரளைச் சாலைகள். அந்தச் சாலைகளை ஒவ்வொன்றாகத் தார் விழுங்கிக்கொண்டே வந்தது. ப்ரோச்சிக்குத் தாங்கவில்லை. 1997-ல் நண்பர்களைக் கூட்டி, அந்த ரோடுகளிலேயே ஒரு சைக்கிள் சவாரி ஏற்பாடு செய்தார். பழைய காலத்து சைக்கிளில், பழைய காலத்து உடுப்பில்.

வந்தவர்கள் 92 பேர். சுமாரான ஒரு கல்யாணத்தில் முதல் பந்திக்கு உட்காருகிற கூட்டம். அவ்வளவுதான்!

இன்று அதே சவாரிக்கு உலகம் முழுவதிலிருந்தும் பல ஆயிரம் பேர் வருகிறார்கள். ஊருக்குள் இடம் கிடைக்காமல் சுற்றுவட்டாரத்துப் பண்ணை வீடுகளெல்லாம் நிரம்புகின்றன. 'லெரோய்கா' என்று அதற்குப் பெயர். 'வீரம் செறிந்தது' என்று அர்த்தம். ஜப்பான், பிரிட்டன், கலிபோர்னியா என்று கிளைகள் வேறு முளைத்தன.

மண் ரோட்டில் சைக்கிள் மிதிப்பதில் என்ன வீரம் என்று கேட்கிறீர்களா? பார்ப்போம்.

வெள்ளை ரோட்டின் ஜாதகம்

இந்தச் சாலைகளை அங்கே 'ஸ்த்ராதே பியாங்கே' என்கிறார்கள். வெள்ளைச் சாலைகள். வெளிர்நிறக் கல்லை உடைத்துப் பரப்பி, வண்டி போய்ப் போய் இறுகிய பாதை. வெயிலில் கண் கூசும். காய்ந்தால் கோதுமை மாவு மாதிரி தூசி. மழை பெய்தால் அதே மாவைப் பிசைந்து வைத்த மாதிரி சேறு.

டூரிஸ்டுகளுக்காகப் போட்ட ரோடு அல்ல இது. பல நூற்றாண்டுகள் அங்கே 'மெட்ஸாத்ரியா' என்று ஒரு முறை இருந்தது. நம் கிராமத்து ஆட்களுக்கு ஒரே வார்த்தையில் புரியும்: வாரம். நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது உழுகிற நிலத்திலேயே ஒரு கல் வீடு. வீட்டிலிருந்து பண்ணைக்கும், பண்ணையிலிருந்து சர்ச்சுக்கும், சர்ச்சிலிருந்து சந்தைக்கும் மாட்டு வண்டி போக வழி வேண்டுமே... அதுதான் இந்த ரோடு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கதை மாறியது. 1950-களிலும் 60-களிலும் பிள்ளைகள் ஃபாக்டரி வேலைக்கு டவுனுக்குக் கிளம்பிவிட்டார்கள். பாதி விளைச்சலைவிட முழுச் சம்பளம் மேல் என்று கணக்குப் போட பி.காம். படித்திருக்க வேண்டியதில்லை. 1964-ல் புதிதாக வார ஒப்பந்தம் போடுவதையே இத்தாலி அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. வீடுகள் பூட்டப்பட்டன. கூரைகள் சரிந்தன. பிற்பாடு வெளிநாட்டுக்காரர்கள், முக்கியமாக இங்கிலாந்துக்காரர்கள், அந்த வீடுகளை வாங்கிப் புதுப்பித்துக் குடியேறினார்கள். எவ்வளவு பேர் என்றால், கியான்டி வட்டாரத்துக்கு 'கியான்டிஷயர்' என்று கேலிப் பெயரே வந்துவிட்டது!

ரோடு யாருக்காகப் போடப்பட்டதோ, அவர்கள் போய்விட்டார்கள். ஆள் இல்லாத ரோட்டுக்கு இரண்டே கதிதான். ஒன்று, முள் மண்டிக் காணாமல் போகும். இல்லையென்றால் கார்க்காரர்கள் வசதிக்காகத் தார் பூசிக்கொண்டு, நாட்டிலுள்ள மற்ற எல்லா ரோடு மாதிரியும் ஆகிவிடும்.

ப்ரோச்சியின் மூளை வேலை செய்தது இங்கேதான். மனு கொடுத்தால் ஃபைலில் தூங்கும். ரோட்டில் நடமாட்டத்தை உண்டு பண்ணினால்? அந்த நடமாட்டத்தால் ஊருக்கு நாலு காசு வந்தால்? நமக்குப் பழக்கமான பாஷையில் சொல்வதென்றால், மதிப்பு பூஜ்யம் என்று தள்ளுபடி செய்யவிருந்த ஒரு சொத்தை, பாலன்ஸ் ஷீட்டில் குட்வில்லாகக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார் மனிதர்.

பட்டினி போட்ட சேவல்

கியான்டி என்றதும் ஒயின் ஞாபகம் வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பாட்டிலுக்கு முன்னால் அதன் கழுத்தில் இருக்கும் சேவலைப் பார்த்துவிடலாம். 'கியான்டி க்ளாஸிக்கோ' என்கிற ஒயின் பாட்டில்களில் ஒரு கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும். அதற்கு ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு.

இடைக்காலத்தில் ஃபிளாரன்ஸும் சியெனாவும் ஜென்மப் பகை நகரங்கள். நடுவில் இருக்கும் கியான்டி யாருக்கு என்று ஓயாத சண்டை. கடைசியில் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இரண்டு நகரத்திலிருந்தும் விடியற்காலை சேவல் கூவியதும் ஒரு குதிரை வீரன் புறப்பட வேண்டும். இருவரும் எங்கே சந்திக்கிறார்களோ, அதுதான் எல்லை.

சியெனாக்காரர்கள் ஒரு வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டுக் கொழுக்கவைத்தார்கள். தெம்பாகக் கூவுமாம்! ஃபிளாரன்ஸ்காரர்கள் ஒரு கறுப்புச் சேவலைப் பிடித்து இருட்டுக் கூண்டில் அடைத்துப் பட்டினி போட்டார்கள். குறித்த நாளன்று கூண்டைத் திறந்ததும், பசி தாங்காமல் அது விடிவதற்கு வெகுநேரம் முன்பே கூவித் தீர்த்துவிட்டது. ஃபிளாரன்ஸ் குதிரை பறந்தது. வெள்ளைச் சேவல் உண்ட மயக்கம் தெளிந்து கூவி, சியெனா வீரன் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்திருப்பான். எதிரே ஃபிளாரன்ஸ்காரன் சிரித்தபடி நின்றான். கிட்டத்தட்ட கியான்டி முழுவதும் ஃபிளாரன்ஸுக்கே போய்விட்டது.

(இன்கிரிமென்ட் கேட்டு மானேஜர் அறைக்குப் போகப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து மறைத்துக்கொள்ளுங்கள். 'பட்டினி போட்டால்தான் சீக்கிரம் எழுந்திருக்கிறான்' என்று அவருக்குத் தோன்றிவிடப் போகிறது!)

கதை கற்பனையாக இருக்கலாம். வரலாறு நிஜம். 1716-ல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோஸிமோ, கியான்டி ஒயின் எந்தெந்த எல்லைக்குள் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று ஆணை போட்டார். 'எங்க ஊர்ச் சரக்குதான் ஒரிஜினல்' என்பதற்கு உலகத்திலேயே பழைய சர்க்கார் முத்திரைகளில் அது ஒன்று. 1924-ல் 33 ஒயின்காரர்கள் சேர்ந்து சங்கம் அமைத்தபோது, அந்தக் கறுப்புச் சேவலையே சின்னமாக எடுத்துக்கொண்டார்கள்.

விளக்கு வரிசை

லெரோய்கா நடப்பது அக்டோபர் முதல் ஞாயிறை ஒட்டி. திராட்சை அறுவடை முடிகிற சமயம். கலந்துகொள்ள நிபந்தனைகளைக் கேளுங்கள். சைக்கிள் 1987-க்கு முன்பு செய்ததாக இருக்க வேண்டும். கியர் மாற்றும் நெம்புகோல் ஹாண்டில் பாரில் இருக்கக் கூடாது. குனிந்து கை நீட்டி மாற்றும்படி கீழே சட்டக் குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கம்பி ஹாண்டில் பாருக்கு வெளியே வளைந்து தெரிய வேண்டும். பெடலில் காலைத் தோல் வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். உடம்பில் கம்பளி ஜெர்ஸி இருந்தால் விசேஷம். மொத்தத்தில், தாத்தா காலத்து சைக்கிளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருந்தவர் இங்கே ராஜா!

பல தூரங்கள் உண்டு. இருப்பதிலேயே நீளமானது 209 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் வெள்ளைச் சாலை. ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் மூவாயிரம் மீட்டருக்கு மேல் போகும். இதற்குப் போகிறவர்கள் சூரியன் எழுந்திருக்கும் முன்பே சைக்கிளில் விளக்கு மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ப்ரோலியோ கோட்டை ஏற்றம். இருபுறமும் ஸைப்ரஸ் மரங்கள். இருட்டில் பாதை தெரிவதற்காக ஓரமெல்லாம் சின்னச் சின்ன விளக்குகள் ஏற்றி வைத்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் அந்த விளக்கு வரிசைக்கு நடுவே சரளையை நறநறவென்று அரைத்தபடி மேலே போகும். பேச்சு இருக்காது. மூச்சு மட்டும்தான்.

அந்தக் கோட்டை ரிகாசோலி குடும்பத்துடையது. ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதம மந்திரியான பெத்தினோ ரிகாசோலி இந்த வீட்டுப் பிள்ளை. கியான்டி ஒயினுக்கு ஸாஞ்சோவேஸே என்ற திராட்சைதான் பிரதானம், மற்றதெல்லாம் துணைக்கு என்று 1872-ல் பக்குவம் எழுதிவைத்தவர் அவர்தான். கியான்டி க்ளாஸிக்கோவில் குறைந்தது 80 சதவிகிதம் ஸாஞ்சோவேஸே இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. நம்மூரில் எந்த மாஜி பிரதமர் சமையல் குறிப்பு எழுதி, அது இவ்வளவு காலம் நின்றிருக்கிறது, சொல்லுங்கள்!

சினிமாவில் டஸ்கனியைப் பார்த்தவர்கள் அங்கே திரும்பிய பக்கமெல்லாம் திராட்சைக் கொடிதான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நிஜம் வேறு. கியான்டி க்ளாஸிக்கோ வட்டாரம் சுமார் 70,000 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு காடு. கொடி படர்ந்த இடம் பத்தில் ஒரு பங்குதான். ஓக் மரமும் செஸ்ட்நட் மரமும் அடர்ந்த மலைக்காட்டுக்குள் ரோடு புகும், பகலிலும் குளிரும். திடீரென்று ஒரு வளைவில் காடு கதவைத் திறந்த மாதிரி விலகும். சரிவு முழுக்க வரிசை வரிசையாகக் கொடிகள். மறுபடி காடு. காட்டுப்பன்றிகள் ஏராளம். அவற்றுக்கும் திராட்சை என்றால் உயிர். அதனால் பல தோட்டங்களுக்கு வேலி. பன்றி தோட்டத்துக்குள் புகுந்தால் விவசாயிக்கு நஷ்டம். பன்றி ஓட்டல் சமையலறைக்குள் போனால் அந்த ஊரின் பிரசித்தி பெற்ற பதார்த்தம்.

தெற்கே போகப் போக மரமே இல்லாத களிமண் குன்றுகள். 'க்ரெத்தே செனேஸி' என்று பெயர். உழுத நிலம் அலை அலையாகப் போகும். ஒதுங்க நிழல் கிடையாது. அதையும் தாண்டினால் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் மோந்தல்சினோ. உலகத்தின் விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்றான ப்ருனெல்லோ பிறக்கும் ஊர். அதை வாங்கி ருசிக்கப் பர்ஸிலும் தெம்பு வேண்டும், தொடையிலும் தெம்பு வேண்டும்!

வழியில் ஆங்காங்கே சாவடி. கையில் இருக்கும் அட்டையில் முத்திரை குத்துவார்கள். மஸ்டர் ரோல் மாதிரி. முத்திரைக்குப் பிறகு சாப்பாடு. வாழைப்பழமும் குளுக்கோஸும் என்று நினைக்காதீர்கள். 'ரிபொல்லீத்தா' என்று பழைய ரொட்டி, பீன்ஸ், கீரை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த கெட்டி சூப். ஏழைக் குடியானவர்கள் மிச்சம் மீதியை மறுபடி சுடவைத்துச் சாப்பிட்டது. நம் பழங்குழம்பு மாதிரி, மறுநாள்தான் ருசி. ஆலிவ் எண்ணெய் ஊற்றிய உப்பில்லாத ரொட்டி. ஒயினில் நனைத்துச் சர்க்கரை தூவிய ரொட்டியும் உண்டு. அந்தக் காலத்துப் பாட்டிகள் பேரன்களுக்குக் கொடுத்த சாயங்கால டிபன் அது. ஒயினும் உண்டு. ஒரு வாய்க்கு மேல் போனால் அடுத்த இறக்கத்தில் ரோடு இரண்டாகத் தெரியும். எந்த ரோட்டில் போவது என்று குழம்ப வேண்டியிருக்கும்.

காற்றுக் கணக்கு

பழைய சைக்கிள்காரர்கள் விஷயம் இது. இன்னொரு பக்கம், இதே மாதிரி ரோடுகளுக்கென்றே புதிதாக ஒரு ஜாதி சைக்கிள் பிறந்தது. கிராவல் பைக். கிராவல் என்றால் சரளை. பார்த்தால் ரேஸ் சைக்கிள் மாதிரியே வளைந்த ஹாண்டில் பார். ஆனால் டயர் பட்டை, டிஸ்க் பிரேக், மலையேற வசதியாக ரொம்ப லேசான கியர்.

சூட்சுமம் டயரில் இருக்கிறது. தார் ரோட்டு ரேஸ் சைக்கிளில் டயர் அகலம் 25 முதல் 28 மில்லிமீட்டர். கிராவல் பைக்கில் 40 மில்லிமீட்டர் சர்வசாதாரணம். காற்றையும் பாதிக்குப் பாதி குறைத்துவிடுவார்கள். 'கல்லு மாதிரி காத்தடிச்சாதானே சைக்கிள் பறக்கும்?' என்று கேட்பீர்கள். தார் ரோட்டில் சரி. சரளையில் கல் மாதிரி இருக்கிற டயர் ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறிக் குதிக்கும். குதிக்கும்போது உங்களையும் சேர்த்துத் தூக்கும். மிதித்த சக்தியில் ஒரு பங்கு முன்னால் போவதற்குப் பதில் உங்கள் தோளையும் குடலையும் குலுக்குவதில் வீணாகும். காற்று குறைந்த பட்டை டயர், கல்லைத் தன் உடம்புக்குள் அமுக்கிக்கொண்டு உருண்டு போய்விடும். வளைந்து கொடுப்பவன் முன்னேறுவான் என்பது ஆபீஸில் மட்டும் இல்லை.

உள்ளே டியூப் கிடையாது. பாலாடை மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருப்பார்கள். முள் குத்தினால் அது கசிந்து ஓட்டையில் உறைந்து தானே அடைத்துக்கொள்ளும். பங்ச்சர் கடை அண்ணன் பிழைப்பில் மண்!

இறக்கத்தில் இன்னொரு பாடம். சரளையில் வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். நீங்கள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, இடுப்பை ஸீட்டிலிருந்து லேசாகத் தூக்கி, பிடியைத் தளர்த்தி, சைக்கிளைத் தன் போக்கில் ஆடவிட வேண்டும். இறுகப் பிடித்தால்தான் ஆபத்து.

மண் ரோட்டில் குறுக்கே வரிவரியாக மேடு பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே... துணி துவைக்கும் பலகை மாதிரி. அது ரோடு போட்டவர் குற்றமில்லை. தளர்ந்த மண்ணின் மேல் சக்கரங்கள் ஒரு அளவு வேகத்துக்கு மேல் திரும்பத் திரும்ப உருண்டால் தானாகவே வரி விழும் என்று 2007-ல் விஞ்ஞானிகள் மணலில் சக்கரத்தை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். மெதுவாகப் போனால் விழாது. யார் மெதுவாகப் போகிறார்கள்?

அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்து எம்போரியா என்கிற ஊரில் 2006-ல் 34 பேர் 200 மைல் சரளை ரேஸ் ஒன்றைத் தொடங்கினார்கள். அதுவும் இன்று ஆயிரக்கணக்கானோர் வரும் திருவிழா. 2022-ல் கிராவல் சைக்கிளுக்கு உலகச் சாம்பியன்ஷிப்பே வந்துவிட்டது. முதல் இரண்டு வருஷமும் நடந்த இடம்? இத்தாலிதான், வெனதோ மாநிலம். 2023 ரேஸ், ப்ரோஸெக்கோ என்கிற நுரை ஒயின் விளையும் குன்றுகளுக்குள் புகுந்து முடிந்தது. 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்த குன்றுகள் அவை. சரளைக்கும் திராட்சைக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்!

விழுந்தவன் ஏறினான்

ப்ரோச்சி ஆரம்பித்து வைத்ததைப் பார்த்து, சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டும் நட்சத்திரங்களுக்கும் 2007 முதல் அதே வெள்ளைச் சாலைகளில் ஒரு ரேஸ் தொடங்கியது. பெயரே 'ஸ்த்ராதே பியாங்கே'. பெண்களுக்கு 2015 முதல். சியெனா நகரத்தின் சிப்பி வடிவ மைதானத்தில் முடியும். அதற்கு முன்னால் சாந்தா கத்தரீனா தெரு. கல் பாவிய சந்து, பதினாறு சதவிகிதம் வரை செங்குத்து. நாள் பூரா மிதித்து வந்தவர்களை அந்த ஒரு சந்து பிழிந்துவிடும்.

2018-ல் பனியும் மழையுமாக ஒரே சேறு. வந்தவர்கள் முகமெல்லாம் களிமண் பொம்மை. பெல்ஜியத்தைச் சேர்ந்த வௌட் வான் ஆர்ட்டுக்கு அதுதான் அங்கே முதல் ரேஸ். மூன்றாவது இடத்தில் வந்தவர், அந்தச் சந்தில் பாதியில் கால் சதை இழுத்துப் பிடித்து, சைக்கிளோடு சாய்ந்து விழுந்தார். உலகமே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்தார். சைக்கிளைத் தள்ளி, மறுபடி ஏறி, அதே மூன்றாவது இடத்தில் முடித்தார். இரண்டு வருஷம் கழித்து, 2020-ல், அதே சந்தில் ஏறி ஜெயித்தார்.

2023 பெண்கள் ரேஸில் வேறு தமாஷ். முன்னால் போனவரைத் துரத்திக்கொண்டிருந்த டச்சு வீராங்கனை டெமி வோலரிங்குக்கு எதிரே திடீரென்று ஒரு குதிரை! அவிழ்த்துக்கொண்டு வந்த அது வெள்ளைச் சாலையில் அவருக்கு முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டது. வேகத்தைக் குறைத்து, குதிரை ஒதுங்கியதும் மிதித்து, கடைசியில் மயிரிழையில் ஜெயித்தார். 2025-ல் ஸ்லோவேனியாவின் ததெய் பொகாச்சர் இறக்கத்தில் உருண்டு விழுந்து, கிழிந்த ஜெர்ஸியும் சிராய்த்த தோளுமாக எழுந்து வந்து முதல் பரிசு வாங்கினார்.

ஆனால் இந்த வட்டாரத்துக்காரர்களைக் கேட்டால் இவர்களையெல்லாம் விட்டுவிட்டு இன்னொரு பெயரைச் சொல்வார்கள். ஜீனோ பார்த்தாலி. ஃபிளாரன்ஸ் பக்கத்து ஆள். 1938-ல் டூர் தெ ஃப்ரான்ஸ் ஜெயித்தார். நடுவில் யுத்தம். பத்து வருஷம் கழித்து 1948-ல் மறுபடி ஜெயித்தார். அந்த யுத்த காலத்தில், ஜெர்மானியர்கள் இத்தாலியைப் பிடித்து யூதர்களை வேட்டையாடிக்கொண்டிருந்தபோது, பயிற்சிக்குப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்வந்தார். சைக்கிளின் குழாய்க்குள் சுருட்டி வைத்த போலி அடையாளக் காகிதங்கள். பிடிபட்டால் சாவு. தேசத்துக்கே தெரிந்த முகம் என்பதால் சோதனைச் சாவடியில் ஆட்டோகிராஃப்தான் கேட்டிருப்பார்களே தவிர, குழாயைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை போலும். உயிரோடு இருந்தவரை இதைத் தம்பட்டம் அடிக்கவில்லை. 2000-ல் இறந்தார். 2013-ல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் அவரை, யூதர்களைக் காத்த நல்லோர் பட்டியலில் சேர்த்தது. லெரோய்கா என்ற பெயரில் இருக்கிற வீரம் இந்த மாதிரி மனிதர்களுடைய காலத்து சைக்கிளைத்தான் குறிக்கிறது.

லாபம், நஷ்டம்

எல்லாம் சரி. அந்த ரோட்டோரத்தில் குடியிருப்பவர் கதை என்ன? அதையும் சொல்லாவிட்டால் கணக்கு டாலி ஆகாது.

நமக்கு வெள்ளைச் சாலை அழகு. அங்கே வீடு வைத்திருப்பவருக்கு அது ஜன்னல் திறக்க முடியாத தூசி. துவைத்துக் காயப்போட்ட துணியில் மாவு. மழை வந்தால் ஓரம் அரித்துக்கொண்டு போகும்; தண்ணீர் வடிய ஓடை வெட்டி, சரளை கொட்டி, மட்டம் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். தார் போட்டுவிட்டால் சில வருஷம் நிம்மதி. ராத்திரி பிரசவ வலி எடுத்தால் ஆம்புலன்ஸ் வரும் வேகம் யாருக்கு முக்கியம்? வருஷத்துக்கு ஒருநாள் சைக்கிளில் வந்து 'ஆஹா!' என்று சொல்லிவிட்டுப் போகிறவருக்கா? 'ரோடு வேண்டும்' என்று கேட்பவனைப் பார்த்து, ரோடு இருக்கிற ஊர்க்காரன் சிரிப்பது அநியாயம்.

எல்லா மண் ரோட்டையும் அப்படியே விட்டுவை என்பது பைத்தியக்காரத்தனம். எல்லா ரோட்டையும் தாரால் மூடு என்பதும் அதேதான். எந்த ரோடு ஊர் பிழைக்க வேண்டியது, எந்த ரோடு ஊர் தன்னை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது என்று உட்கார்ந்து பிரிப்பதுதான் கணக்கு. அதை அந்த ஊர்க்காரர்களே செய்ய வேண்டும். ப்ரோச்சி வெளியூர் ஆசாமியாக இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவர் அந்தத் தூசியைத் தின்று வளர்ந்தவர்.

லாபம் பக்கம் இன்னொரு வரியும் உண்டு. சைக்கிள்காரன் மெதுவாகப் போகிறவன். காரில் வருகிறவர் ஒரு மணி நேரத்தில் தாண்டிப் போகிற ஊர்களை இவன் இரண்டு நாள் தாண்டுவான். இரண்டு நாளும் பசிக்கும். இருட்டினால் தங்க வேண்டும். அவன் பணம் பெட்ரோல் பங்க்கில் போய்ச் சேராது. ரொட்டிக் கடையிலும், காபிக் கடையிலும், பண்ணை வீட்டு அம்மாவிடமும் போய்ச் சேரும்.

ஆசை வந்துவிட்டதா?

லெரோய்கா திருவிழாவில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் ரோடு எங்கும் போய்விடாது. 209 கிலோமீட்டர் பாதை முழுக்க நிரந்தரமாகப் பலகை நட்டிருக்கிறார்கள். டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. உங்கள் சைக்கிள் 1987-க்கு முந்தியதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இத்தாலி விசா வேண்டும். ஃபிளாரன்ஸிலிருந்து சியெனாவுக்கு பஸ் இருக்கிறது. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம்மூர் மாதிரியே கொளுத்தும். அதற்கு அவ்வளவு செலவழித்துப் போவானேன்? ஒரே நாளில் முடிக்கிறேன் என்று சபதம் எல்லாம் வேண்டாம். மூன்று நாலு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் இரண்டு. வழியில் காட்டுப்பன்றியைப் பார்த்தால் வழிவிடுங்கள்; அது உள்ளூர்.

புறப்படுமுன் ஒரே ஒரு ஒத்திகை. டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் எங்காவது ஒரு சரளைப் பாதையில் பத்து கிலோமீட்டர் மிதித்துப் பாருங்கள். மறுநாள் ஆபீஸில் நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடிகிறதென்றால், பாஸ்போர்ட்டை எடுக்கலாம்.